பூன் லேக்குப் போன தோல் சோபா

சோபா விற்க வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரமே தோலைப் பற்றிப் பாடம் நடத்தியிருப்பார்கள். எது முழுத் தோல், எது உட்காரும் இடத்தில் மட்டும் தோலும் முதுகுப்புறம் ரெக்சினும் வைத்துத் தைத்தது, எது இந்த ஊர் ஈரக் காற்றில் சீக்கிரமே செதில் செதிலாக உரியும் என்பதெல்லாம் இந்நேரம் தெரிந்திருக்கும். செஸ்டர்ஃபீல்ட், எல் வடிவம், ரிக்ளைனர் என்று மாதிரிகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் விற்ற ஒரே ஒரு சோபாவைப் பற்றிச் சொல்கிறேன். நல்லபடி முடிந்த விற்பனை இல்லை அது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னால் மறக்க முடியாதது அதுதான் என்பதால் சொல்கிறேன்.

அப்போது நான் தீவின் கிழக்கே தெம்பனிஸில் ஒரு பெரிய மரச்சாமான் கடையில் தோல் சோபாப் பிரிவில் இருந்தேன். வாரநாள் பிற்பகல், கூட்டம் இல்லை. ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். கணவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அகலமான தோள்கள், ஆனால் சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. வலது காலைத் தரையிலிருந்து முழுதாகத் தூக்காமல் இழுத்து வைத்து நடந்தார். மனைவி அவர் கையைப் பிடித்திருக்கவில்லை. ஆனால் சட்டென்று பிடித்துவிடக்கூடிய தூரத்திலேயே நடந்துவந்தார்.

இந்தத் தொழிலில் பேச்சைவிட நடையைப் பார்க்கப் பழக வேண்டும். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்பது அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். அவருக்கு என்ன வேண்டும் என்பது பெரும்பாலும் அவர் நடந்து வரும்போதே தெரிந்துவிடும்.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டேன்.

"பூன் லே," என்றார் மனைவி. தீவின் மேற்குக் கோடி. வழியில் எத்தனையோ கடைகள் இருக்க, கிழக்கே இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் என்றால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கணவர்தான் பிடிவாதமாக இங்கே அழைத்து வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயர் ரவிச்சந்திரன். கப்பல் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்து, பழுதுபார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவி மல்லிகா.

"அக்கா, மோட்டர் வச்ச ரிக்ளைனர் இருக்குல்ல, ஒரு ஆள் மட்டும் உக்கார்றது. பட்டன் அமுக்கினா சாயும், மறுபடி அமுக்கினா எழுப்பிவிடும். அதைப் பாக்கணும்," என்றார் மல்லிகா.

"அது வேணாம் மேடம்," என்றார் ரவி. வார்த்தைகள் கொஞ்சம் குழைந்து வந்தன. "அது ஆஸ்பத்திரி நாற்காலி. எனக்கு செஸ்டர்ஃபீல்ட் காட்டுங்க."

கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சோபா கேட்பது தினமும் நடப்பதுதான். ஆனால் இவர்கள் பேசியது அந்த மாதிரி இல்லை. மல்லிகா தரையைப் பார்த்தார்.

செஸ்டர்ஃபீல்ட் எங்கள் கடையில் நடுவில் இருந்தது. அடர்ந்த சிவப்பு. முதுகு முழுக்கக் குழி குழியாகப் பித்தான் வைத்துத் தைத்தது. கைப்பிடிகள் முதுகுக்குச் சமமான உயரத்தில் சுருண்டு நிற்கும். பார்க்கிறவர்களை நிற்கவைக்கும் சாமான். ரவி அதன் முன்னால் போய் நின்றார்.

"இளம் வயசுல ஒரு கப்பல்ல வேலை," என்றார். "கேப்டனோட அறையில பைப்பு பாக்கப் போனேன். அங்க இதே மாதிரி ஒண்ணு. இதே கலரு. என் ட்ரெஸ் முழுக்க எண்ணெய். உக்காந்திடாதேன்னு சொல்லித்தான் உள்ள விட்டாங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன், என் வீட்ல ஒண்ணு வாங்கிப் போடணும்னு. அப்பறம் வீட்டுக் கடன், மக படிப்பு, தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு."

அந்நேரம் மல்லிகாவின் கைபேசி அடித்தது. மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து. பேசுவதற்காக அவர் வாசல் பக்கம் போனார். போகும்போது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ரவி உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பது சரி. அந்த மாதிரியில் இருக்கை தாழ்வு, ஆழம் அதிகம். முதுகை ஒட்டிச் சாய்ந்து, கையை அந்தச் சுருண்ட பிடிமேல் வைத்து, கண்ணை மூடினார். சில நிமிடம் அப்படியே இருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

பிறகு அவர் எழ முயன்றதைப் பார்த்தேன். இடது கையை ஊன்றினார். கைப்பிடி தோள் உயரத்தில் இருந்ததால் ஊன்ற முடியவில்லை. உள்ளங்கையை இருக்கையில் வைத்து அழுத்தினார். விரல்கள் விரியவில்லை, மடங்கிய விரல்களால்தான் அழுத்தினார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்ததே தவிர மேலே வரவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது. கடையில் குளிரூட்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், கொஞ்சம் பக்கத்துல உக்கார்றீங்களா?" என்றார், குரலை எழுப்பாமல்.

உட்கார்ந்தேன்.

"எந்திரிக்க முடியல. யாரையும் கூப்பிடாதீங்க. அவ வர்றதுக்குள்ள எந்திரிச்சிடணும்."

அந்தக் கணத்தில் நமக்குத் தோன்றுவது இரண்டு கையையும் பிடித்து இழுப்பதுதான். அப்படி இழுத்திருந்தால் பக்கத்துப் பிரிவில் இருந்தவர்கள் ஓடி வந்திருப்பார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்திருக்க மாட்டார். நான் இழுக்கவில்லை. சோபாவை விளக்கிச் சொல்கிறவள் மாதிரி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "அவசரம் இல்ல சார். என்ன உடம்புக்கு?" என்றேன்.

"மோட்டர் நியூரான்னு ஒரு வியாதி. கை காலை அசைக்கிற நரம்பெல்லாம் ஒண்ணொண்ணா நிக்கும். அப்பறம் முழுங்க முடியாது. அப்பறம் மூச்சு. மூளை மட்டும் நிக்காது. கடைசி வரைக்கும் எல்லாம் தெரியும்." கப்பலில் எந்த எஞ்சின் எப்படிப் பழுதாகும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். "மக கிட்ட இன்னும் முழுசாச் சொல்லல."

எனக்குத் தெரிந்தது சோபாதான்.

"அப்ப இது உங்களுக்கு ஆகாது சார்," என்றேன்.

"ஏன்னு சொல்லுங்க."

"இருக்கை தாழ்வு. முட்டி இடுப்பைவிட மேல வந்துடுது, எந்திரிக்கக் கால்ல பலம் நெறைய வேணும். கைப்பிடி உயரம், ஊன்ற முடியாது. முதுகுல இந்தப் பித்தான் எல்லாம் அழகுக்குத்தான். நம்ம தானா அசைஞ்சு உக்காந்தா ஒண்ணும் தெரியாது. அசைய முடியாதவங்களுக்கு ஒரே எடத்துல அழுத்திக்கிட்டே இருக்கும். புண்ணு வந்துடும்."

அவர் கவனமாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "கேப்டனுக்குக் கால் நல்லா இருந்துச்சு போல," என்றார்.

மாமியாரைப் பல வருடம் எழுப்பி உட்கார வைத்துப் பழகியவள் நான். அவரை இருக்கையின் விளிம்புவரை நகரச் சொன்னேன். பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்து, தலையை முட்டிக்கு நேராக முன்னால் கொண்டுவரச் சொன்னேன். எதிரே நின்று அவருடைய முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்தேன். எழுந்துவிட்டார். மல்லிகா திரும்பி வந்தபோது இருவரும் நின்று தோல் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் இருந்த வேர்வையை மல்லிகா பார்த்தார்.

"ரிக்ளைனரே பாக்கலாம்," என்றார் ரவி. "ஆனா ஒத்த ஆள் நாற்காலி வேணாம். என் மக தர்ஷினி எம்பக்கத்துல உக்காந்துதான் டிவி பாப்பா. என்னை நாற்காலியில வச்சுட்டா அவ எதிர்ல உக்காரணும், பாத்துட்டுப் போக வந்தவங்க மாதிரி."

எங்கள் விளம்பரத் தாள் எதிலும் இல்லாத ஒரு விஷயத்தை அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்று பேர் உட்காரும் மோட்டர் சோபாக்களில் பாதிக்கு இருக்கைகளுக்கு நடுவில் கோப்பை வைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அதை வசதி என்று சொல்லி விற்போம். அந்த வீட்டில் அது ஒரு சுவர். அந்தப் பெட்டி இல்லாத, ஓர் ஓரத்து இருக்கை மட்டும் மோட்டரில் இயங்குகிற, கைப்பிடி தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிற ஒன்றைக் காட்டினேன். மேலே பூச்சுக் கொடுத்த மாட்டுத் தோல். பூச்சில்லாத மென்மையான தோல்தான் விலை அதிகம், தொட்டால் சுகம், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உறிஞ்சிக் கறையாக்கிவிடும். இவர்கள் வீட்டில் இனி கஞ்சி சிந்தும், எச்சில் வழியும், அதைவிட மோசமானதும் நடக்கும். துடைத்தால் போகிற தோல்தான் வேண்டும். மல்லிகாவிடம் அதை, "துடைக்கச் சுலபம்மா," என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

ரவி உட்கார்ந்து பார்த்தார். பட்டனை அமுக்கினார். மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக எழுந்தது. இரண்டாவது முறை அவராகவே எழுந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கிளை மேலாளர் பிரகாஷ் சிரித்த முகத்துடன் வந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர், சுறுசுறுப்பானவர். "நல்ல செலக்‌ஷன் சார். வாரண்டி பத்து வருஷத்துக்கு எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம்."

"எனக்கு அவ்வளவு வேண்டியிருக்காது தம்பி," என்றார் ரவி.

"ஓ, அடிக்கடி மாத்துவீங்களா சார்?"

மல்லிகா சட்டென்று கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். பிரகாஷுக்கு ஒன்றும் தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் நினைவில் வையுங்கள். மனப்பாடமாகப் பேசும் வாய் என்றாவது ஒருநாள் இப்படி ஓர் ஆளின் முன் போய் நிற்கும்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மின்சாரம் நின்றால் சாய்ந்த இருக்கை சாய்ந்தபடியே நின்றுவிடும். அதற்கென்று தனியாக ஒரு பேட்டரி உண்டு, மின்சாரம் போனாலும் ஒருமுறை எழுப்பிவிடும். எங்களிடம் அது கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும். அது வந்த பிறகுதான் சோபாவை அனுப்ப வேண்டும் என்று பிரகாஷிடம் சொன்னேன். "ஷுவர்க்கா," என்றார்.

மாதக் கடைசியில் நான் விடுப்பில் இருந்த நாளில் சோபா பூன் லேக்குப் போய்விட்டது. பேட்டரி இல்லாமல்தான். அந்த மாதக் கணக்கில் விற்பனையைக் காட்ட வேண்டியிருந்தது. மல்லிகாவும் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரவி பழைய பிரம்பு நாற்காலியிலிருந்து ஒருமுறை விழுந்திருந்தார். வேலைக்குத் திரும்பியதும் விஷயம் தெரிந்து மல்லிகாவை அழைத்தேன்.

"பேட்டரி வர்ற வரைக்கும் முழுசாச் சாய்க்காதீங்கம்மா. கரண்ட் போச்சுன்னா எழுப்ப முடியாது."

"சரிக்கா. இந்த ஊர்ல எங்க கரண்ட் போகுது," என்றார் மல்லிகா. குரலில் ரொம்ப நாள் கழித்து ஒரு நிம்மதி. "பாப்பா அவர் தோள்ல சாஞ்சுதான் ஹோம்வொர்க் பண்றா, தெரியுமா?"

பேட்டரி எங்கே என்று நான் கேட்கும்போதெல்லாம் கப்பலில் வருகிறது என்றே பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டுமான வேலைக்காரர்கள், கப்பல் பட்டறைக்காரர்கள் என்று விடுதிகளிலிருந்து எல்லாரும் வந்து இறங்கியிருந்தார்கள். நடைபாதையில் நகர இடம் இல்லை. கைபேசி அடித்தது. மல்லிகா. என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை. ஒரு நகைக்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருந்த மாடிப்படிக்குள் நுழைந்து காதை அடைத்துக்கொண்டேன்.

"அக்கா, கரண்ட் போச்சு. இடி விழுந்து மொத்தமா ட்ரிப் ஆயிடுச்சு. சோபா எந்திரிக்க மாட்டேங்குது. எந்த பட்டனும் வேலை செய்யல. எப்படி எழுப்பறது? சொல்லுங்க."

தேக்காவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே புயல் மழை.

"அவர் எப்படி இருக்காரு?"

"மல்லாந்து கெடக்காரு. முழுசாச் சாச்சிருந்தேன், மழை வந்துச்சு, தூங்கறேன்னாரு. ஏதோ தொண்டையில அடைச்சுக்கிச்சு. சத்தம் வருது. மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அக்கா, பின்னாடி ஏதோ லீவர் இருக்குமே, அதை எங்க இழுக்கணும்?"

லீவர் இருந்தது. முதுகுப் பகுதியைக் கழற்றுவதற்காகப் பின்னால் துணிக்குள் மறைத்து வைத்திருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். வாயில் வந்தும்விட்டது. சொல்லியிருந்தால் அவர் சோபாவுக்குப் பின்னால் போய்க் குனிந்து, துணிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பார். அங்கே முன்னால் அந்த மனிதர் தனியாக மூச்சுத் திணறிக்கொண்டிருப்பார்.

வாடிக்கையாளர் சாமானைப் பற்றிக் கேட்டார் என்பதற்காகச் சாமானைப் பற்றியே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

"மல்லிகா, சோபாவ விடுங்க. முன்னாடி வாங்க. அவர் முதுகுக்கு அடியில கையைக் கொடுத்து உங்க பக்கமா இழுங்க. ஒரு பக்கமாச் சாச்சுடுங்க. தலை கீழ் நோக்கி இருக்கணும், வாயில இருக்கறது வெளிய வரட்டும்."

"முடியல, வெய்ட்டா இருக்காரு."

"தர்ஷினி இருக்காளா?"

"இருக்கா. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றா."

"எதிர் வீட்ல யாரு?"

"ரஹ்மான் அண்ணன்."

"கதவைத் தொறந்து சத்தமாக் கூப்பிடுங்க. இப்பவே."

அவர் கைபேசியைக் கீழே போட்டுவிட்டார். தொடர்பு அறுபடவில்லை. ஒரு கத்தல், கதவு இடிக்கும் சத்தம், ஓர் ஆணின் மலாய்ப் பேச்சு, பிறகு அந்தப் பெண் பிள்ளை "அப்பா, அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னது, எல்லாம் மழைச் சத்தத்துக்குள் கேட்டது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி மேலே போன ஒருவர், "அக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஒரு நீண்ட இருமல் கேட்டது. அது நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.

ஆம்புலன்ஸ் வந்து அவரை உயிரோடுதான் கொண்டுபோனது.

மறுநாள் காலை பிரகாஷ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இரவே நான் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சரியாகத் தூங்காத முகம். தலைமை அலுவலகத்திலிருந்து பேசியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகப் போறீங்களாக்கா?"

"போறேன்."

"போங்க, தப்பில்ல. நீங்க அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தீங்கள்ல, முழுசாச் சாய்க்காதீங்கன்னு. அதை மட்டும் ஞாபகப்படுத்துங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். பொய் சொல்லச் சொல்லல. உண்மையத்தான் சொல்றீங்க."

"பேட்டரி இல்லாம ஏன் அனுப்பினோம்னு கேட்டா?"

"அவங்க கேக்க மாட்டாங்கக்கா." பார்வையை மேசைக்குத் தாழ்த்தினார். "எனக்கும் வேலை போயிடும்லா."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் குழந்தைகள் இருந்தார்கள். அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதுதான் அதில் இருந்த ஆபத்து. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம். உண்மையில் பாதியைச் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பாதி யார் தலையில் போய் விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மல்லிகா நின்றுகொண்டிருந்தார். நான் போய் நின்றதும் முதல் வார்த்தையாக, "என் தப்புதான்க்கா," என்றார். "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. தூங்கட்டுமேன்னு சாச்சுட்டேன். நானே அவரை..."

பிரகாஷ் சொல்லச் சொன்னதை நான் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. மல்லிகாவே சொல்லிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் தோளில் கை வைத்திருந்தால் போதும். எல்லாருடைய வேலையும் பத்திரம்.

சில கணம் அப்படித்தான் நின்றேன். வேலை போனால் இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்ற நினைப்பும் ஓடத்தான் செய்தது. பிறகு அவருடைய கைகளைப் பார்த்தேன். கணவனை இழுத்ததில் மணிக்கட்டு முழுக்க நீலம் பாரித்திருந்தது. ரவிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண் இனி இருக்கிற நாளெல்லாம் நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள், பேருந்து ஏறுவாள், மகளுக்குச் சோறு போடுவாள்.

"இல்ல மல்லிகா," என்றேன். "பேட்டரி இல்லாம அந்த சோபா உங்க வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. பேட்டரி வராம அனுப்பாதீங்கன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். மாசக் கடைசின்னு கடையில அனுப்பிட்டாங்க. சாயற சோபாவ வாங்கினவங்க சாய்க்கத்தான் செய்வாங்க. இது எங்க கடையோட தப்பு. யார் கேட்டாலும் இதையே சொல்லுவேன்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். நன்றியெல்லாம் ஒன்றும் இல்லை. கோபம்தான் வந்தது. "போங்கக்கா," என்றார். "இப்ப போயிடுங்க." நான் வந்துவிட்டேன். அந்தக் கோபம் தன்மேல் இல்லாமல் வெளியே போனதே போதும் என்று பேருந்தில் நினைத்துக்கொண்டேன்.

ரவியின் அண்ணன் கடைக்கு வந்தார். நான் சொன்னதை அவர் முன்னாலும் சொன்னேன். பிறகு வக்கீல்கள் பேசினார்கள், எப்படியோ முடித்தார்கள். பேட்டரி வராமல் மோட்டர் சோபா எதையும் அனுப்பக் கூடாது என்று எல்லாக் கிளைகளுக்கும் உத்தரவு போட்டார்கள். இன்று நீங்கள் அதைச் சாதாரண விதி என்று நினைக்கிறீர்கள். பிரகாஷ் சில வாரத்தில் ராஜினாமா செய்துவிட்டார். என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. தீவின் வடக்கே கிராஞ்சிப் பக்கம் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். கீறல் விழுந்தவை, திரும்பி வந்தவை, மாதிரி மாறிப்போனவை எல்லாவற்றையும் விலை குறைத்து விற்கும் இடம். பேருந்து எப்போதாவதுதான் வரும். ஒரு நாள் முழுக்க ஆளே வராமலும் போகும்.

ரவி வீடு திரும்பவில்லை. நுரையீரலில் சளி கட்டி, அதுவே நிமோனியாவாகி, ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். இந்த நோயில் இது எப்படியும் வரக்கூடியதுதான் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் சில மாதம் இருந்திருப்பாரா என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்பதால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆகாது. சொல்லாமல் விட்டிருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

வெகுநாள் கழித்து ஒரு பிற்பகல், கிடங்கு வாசலில் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மல்லிகா. நன்றாக மெலிந்திருந்தார். என்னைத் தேடிச் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றேன்.

"தெம்பனிஸுக்குப் போனேன். நீங்க இங்கன்னு சொன்னாங்க," என்றார். "என்னாலதானே?"

"இல்லம்மா. வேலைன்னா மாத்தத்தான் செய்வாங்க. தர்ஷினி எப்படி இருக்கா?"

"படிக்கிறா. பேச்சுதான் கொறைஞ்சிடுச்சு. அவர் எடத்துல உக்காந்துக்கிட்டுத்தான் படிக்கிறா. வேற யாரையும் அங்க உக்கார விடமாட்டா." மடக்கிய குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "எனக்கு ஒண்ணு வேணும்க்கா. எனக்குன்னு."

"எந்த மாதிரி?"

"தெரியல. என்ன மாதிரின்னே எனக்குத் தெரியல. அவர் உடம்பு முடியாமப் போனதுலேர்ந்து நான் ஒழுங்கா உக்காந்ததே இல்ல. எந்நேரமும் நின்னுக்கிட்டே இருந்தேன். இப்ப வேலை ஒண்ணும் இல்ல, அப்பவும் உக்கார வரமாட்டேங்குது. சமையக்கட்டுலயே நின்னுக்கிட்டிருக்கேன்."

விற்பனைப் பேச்சு எதுவும் எனக்கு வரவில்லை. மாதிரிகளின் பெயர் எதையும் சொல்லவில்லை. "நீங்களே உக்காந்து பாருங்க. எது வேணும்னாலும்," என்றேன்.

அவர் வரிசைக்குள் நடந்தார். இரண்டு மூன்றைக் கையால் தடவிப் பார்த்தார். கடைசியில் சுவரோரம் கிடந்த ஒன்றில் போய் விளிம்பில் உட்கார்ந்தார். பழுப்பு நிற, இரண்டு பேர் உட்காரும் சின்ன சோபா. பின்பக்கம் நீளமாக ஒரு கீறல் விழுந்து திரும்பி வந்தது. மெதுவாகப் பின்னால் நகர்ந்து சாய்ந்தார். செருப்பைக் கழற்றினார். கால்களை மேலே எடுத்து மடக்கிக்கொண்டார். நான் தேநீர் போட்டு எடுத்து வந்தபோது கைப்பையை அணைத்தபடி தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

தேநீரைப் பக்கத்தில் வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பெரிய மின்விசிறியை நிறுத்தினேன். சற்று நேரத்தில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள், புது வீட்டுக்குச் சாமான் பார்க்க. சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சுவரோரத்தைக் காட்டி, "அந்த பிரவுன் கலர் என்ன வெலை?" என்று கேட்டாள்.

நான் குரலைத் தாழ்த்தி, அது இன்று விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன்.